ராணியின் கூந்தலும் ராஜாவின் கேடயமும்

வினாடி வினா நடத்துகிறவர்களின் நோட்டில் வானியல் பக்கத்தைப் புரட்டினால் அநேகமாக இந்தக் கேள்வி இருக்கும்: உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயரால் வழங்கும் ஒரே விண்மீன் தொகுதி எது? எதிரே விடையும் எழுதியிருக்கும். கோமா பெரனைசெஸ், அதாவது பெரனைசியின் கூந்தல். பெரனைசி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமியின் மனைவி. ஓரியனும் ஹெர்குலிசும் பெர்சியுசும் புராணத்து ஆட்கள். இவளோ நாணயத்தில் முகம் பொறிக்கப்பட்ட மனுஷி. விடை சரி என்று அடுத்த கேள்விக்கு நகரும் நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்குவார். "ஸ்கூட்டம் என்ன ஆச்சு சார்? அது போலந்து ராஜாவோட கேடயம் இல்லையா?"

ராணியின் கூந்தலை வைத்துப் பரிசுக் கேள்வி போட்டு வம்பில் மாட்டிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. செண்பக பாண்டியன் ஆயிரம் பொன்னைக் கிழியாகக் கட்டித் தொங்கவிட்ட கதையில், விடை எழுதித் தந்தவர் சிவபெருமானாகவே இருந்தும் நக்கீரர் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே தகராறு கூந்தலின் மணத்தைப் பற்றியது. இங்கே தகராறு கேள்வியில் இருக்கும் 'பெயரால்' என்ற ஒரு சொல்லைப் பற்றியது. எந்தப் பெயர்? வைத்தபோது இருந்த பெயரா, இன்று ஏட்டில் இருக்கும் பெயரா?

ஏட்டை முதலில் பார்த்துவிடலாம். பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1922-இல் ரோம் நகரில் தன் முதல் பொதுச்சபையைக் கூட்டியபோது 88 தொகுதிகள் அடங்கிய பட்டியலை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூன்றெழுத்துச் சுருக்கமும் உண்டு. பெல்ஜிய வானியலர் யூஜின் டெல்போர்ட் அவற்றுக்கு எல்லைக்கோடுகள் வரைந்து 1930-இல் வெளியிட்டார். அன்றோடு விண்மீன் தொகுதி என்பது உருவம் என்ற நிலை போய், சர்வே செய்து கல் நட்ட நிலம் என்றாகிவிட்டது. இந்த 88-இல் பெரும்பங்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலர் தாலமி தொகுத்த 48-இலிருந்து வந்தது. (எகிப்தை ஆண்ட தாலமிகளோடு இவருக்குப் பெயர் ஒற்றுமை மட்டுமே.) அதில் ஆர்கோ என்ற பெரிய கப்பலை உடைத்து மூன்றாக்கியதில் 50 ஆயிற்று. மீதி 38-ம் பதினாறாம் நூற்றாண்டு முதல் தனியிடம் பெற்றவை. பெரனைசியின் கூந்தல் இந்த 38-இல்தான் வருகிறது. கி.மு. காலத்து ராணிக்கு அவ்வளவு தாமதமாக ஏன் இடம் கிடைத்தது என்பதே ஒரு கதை.

கி.மு. 246-இல் மூன்றாம் தாலமி அரியணை ஏறினான். ஏறிய கையோடு சிரியாவுக்குப் படை நடத்த வேண்டியதாயிற்று. அங்கே செலூசிட் அரசனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்த அவன் உடன்பிறந்தாள், அவள் பெயரும் பெரனைசிதான், கணவன் இறந்ததும் வாரிசுச் சண்டையில் சிக்கியிருந்தாள். இவன் காப்பாற்றுவதற்குள் அவளையும் அவள் பிள்ளையையும் கொன்றுவிட்டார்கள். போர் நீண்டது. எகிப்தில் இருந்த புது மனைவி பெரனைசி, கணவன் நல்லபடியாகத் திரும்பினால் தன் கூந்தலைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டாள். பழனிக்கும் திருப்பதிக்கும் முடி நேர்ந்துகொள்கிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவன் திரும்பினான். அவள் சொன்னபடி கூந்தலை வெட்டி, செஃபிரியம் முனையில் இருந்த அர்சினோ-அஃப்ரோடைட்டி கோயிலில் வைத்தாள். மறுநாள் பார்த்தால் காணோம்.

கோயிலில் வைத்த பொருள், அதுவும் ராணியின் கூந்தல், காணாமல் போனால் பூசாரியின் தலை தப்புவது கடினம். அப்போதுதான் சாமோஸ் தீவைச் சேர்ந்த கோனோன் என்ற வானியலர் வானத்தைக் காட்டினார். அதோ சிங்கத்தின் வாலுக்குப் பக்கத்தில் மங்கலாகச் சிதறிக் கிடக்கிறதே, அதுதான் கூந்தல்; தெய்வங்கள் எடுத்துப்போய் வைத்துவிட்டன. கோனோனை அரசவைத் துதிபாடி என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஆர்க்கிமிடிசே தன் நூல் முன்னுரையில் அவர் மறைவுக்கு வருந்தி எழுதும் அளவுக்குத் தேர்ந்த கணிதர் அவர். ஆனாலும் அன்று அவர் செய்தது வானியல் அல்ல, சமயோசிதம்.

கதையை நிலைக்க வைத்தவர் கவிஞர் காலிமக்கஸ். பேசுவது கூந்தலே என்று வைத்து அவர் கிரேக்கத்தில் ஒரு பாடல் எழுதினார்: வானத்தில் இருப்பதைவிட ராணியின் தலையிலேயே இருந்திருப்பேன் என்று கூந்தல் புலம்புகிறது. சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் அதை லத்தீனில் பெயர்த்தார். லத்தீன் வடிவம் முழுசாகக் கிடைத்தது. கிரேக்க மூலமோ துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, எகிப்திலிருந்து வந்த ஒரு பப்பைரஸ் துண்டு 1929-இல்தான் அச்சேறியது. காலிமக்கஸ், பெரனைசி இருவருமே லிபியக் கடற்கரையில் இருந்த சிரீன் என்ற கிரேக்க நகரத்தைச் சேர்ந்தவர்கள். தன் ஊர்ப் பெண்ணுக்குக் கவிஞர் செய்த மரியாதை என்றும் இதைச் சொல்லலாம்.

ஆனால் வானியலர்கள் கவிஞர்கள் அளவுக்குத் தாராளமாக இல்லை. அதே சிரீன்காரரான எரட்டோஸ்தனீஸ் பெயரில் வழங்கும் நட்சத்திரக் கதைத் தொகுப்பில் சிங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது அந்த விண்மீன்கள் பெரனைசியின் கூந்தல் என்று வருகிறது; வடமகுடத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதுவே அரியாட்னியின் கூந்தல் ஆகிவிடுகிறது. அரியாட்னி புராணப் பெண். வினாடி வினா விடை பிறந்த காலத்திலேயே சர்ச்சைக்கு உரியதாகத்தான் இருந்திருக்கிறது. வானியலர் தாலமியோ 48-இல் அதைச் சேர்க்கவே இல்லை. சிங்கத்தின் உருவத்துக்குள் அடங்காத உதிரி விண்மீன்களில் ஒன்றாக 'சடை' என்று குறித்துவிட்டுப் போய்விட்டார். யாருடைய சடை என்றுகூடச் சொல்லவில்லை. 1536-இல் ஜெர்மானியர் காஸ்பர் வோபல் செய்த வான் உருண்டையிலும் 1551-இல் மெர்கேட்டர் செய்த உருண்டையிலும் அது தனி உருவமாக வந்தது. டைக்கோ பிராகேயின் பட்டியல் 1602-இல் வெளியானபோது முழு அந்தஸ்து கிடைத்தது. காத்திருந்தது ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல்.

பார்க்க விரும்புகிறவர்கள் சித்திரை மாதத்து முன்னிரவில் உத்திர விண்மீனுக்கும் சுவாதிக்கும் நடுவே தேடலாம். நான்காம் ஒளித்தரத்துக்கு எட்டிய விண்மீன் அங்கே ஒன்றுகூட இல்லை. நகரத்து மொட்டைமாடியிலிருந்து ஒன்றும் தெரியாது. விளக்கில்லாத கிராமத்தில் நின்றால் அவிழ்ந்த முடி போன்ற ஒரு மெல்லிய கலங்கல் தெரியும். சுமார் 280 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு விண்மீன் கூட்டம் அது. கோனோன் பொய்யே சொல்லியிருந்தாலும் பொருத்தமாகச் சொல்லியிருக்கிறார்.

இனி பின்வரிசைக்காரரின் கேடயத்துக்கு வருவோம். ஸ்கூட்டம் என்றால் லத்தீனில் கேடயம். திருவோண விண்மீனுக்குத் தென்மேற்கே, பால்வழியின் அடர்ந்த பகுதியில் இருக்கும் சின்னத் தொகுதி. பரப்பில் 88-இல் கடைசியிலிருந்து ஐந்தாவது. இதை உண்டாக்கியவர் யோஹான்னஸ் ஹெவீலியஸ். பால்டிக் கடலோரத்து டான்சிக், இன்றைய கதான்ஸ்க், நகரத்தில் பியர் வடிக்கும் தொழில் செய்தவர். வீட்டுக் கூரைகளின் மேல் தளம் போட்டு ஐரோப்பாவின் மிகச் சிறந்த வானாய்வகங்களில் ஒன்றைக் கட்டியவர். 1679 செப்டம்பரில் அது தீக்கிரையானது. கருவிகளும் அச்சிட்டு வைத்திருந்த புத்தகங்களும் எரிந்தன. அறுபத்தெட்டு வயதில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார். கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி.

1683 செப்டம்பர் 12 அன்று வியன்னாவை முற்றுகையிட்டிருந்த ஒட்டோமன் படையை, சோபியெஸ்கியின் தலைமையில் வந்த கூட்டுப்படை முறியடித்தது. அடுத்த ஆண்டு ஹெவீலியஸ் புதிய தொகுதியை அறிவித்தார். பெயர், ஸ்கூட்டம் சோபியெஸ்கியானம், சோபியெஸ்கியின் கேடயம். படத்தில் கேடயத்தின் நடுவே சிலுவை. நன்றிக்கடன், வெற்றிக்கொண்டாட்டம் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பெயர். ஹெவீலியஸ் 1687-இல் இறந்தார். அவரோடு சேர்ந்து வானத்தை அளந்த மனைவி எலிசபெத், முடியாமல் கிடந்த விண்மீன் பட்டியலையும் வரைபடத் தொகுப்பையும் 1690-இல் வெளிக்கொண்டுவந்தார். அந்த வரைபடத் தொகுப்பின் பெயரிலேயே சோபியெஸ்கி இருக்கிறார். மன்னர் 1696 வரை உயிரோடு இருந்தார். தன் பெயரில் ஒரு விண்மீன் தொகுதியை வாழ்நாளிலேயே பார்த்தவர். அந்த வகையில் பெரனைசிக்குச் சமமானவர்.

அப்படியென்றால் நடுவர் என்ன சொல்ல முடியும்? ஒன்று சொல்லலாம்: 1922-இன் பட்டியலில் வெறும் 'ஸ்கூட்டம்' என்றுதான் இருக்கிறது, சோபியெஸ்கி இல்லை, இன்றைய பெயரில் இருக்கும் ஆளுக்குத்தான் மதிப்பெண். தர்க்கம் கச்சிதமானது. ஆனால் அதே நடுவரின் நோட்டில் இரண்டு கேள்வி தள்ளிப் போய்ப் பார்க்க வேண்டும். 'பூமியில் உள்ள ஓர் இடத்தின் பெயரால் வழங்கும் விண்மீன் தொகுதி எது?' என்று ஒன்று இருக்கும். விடை, மென்சா. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்கு மேலே தட்டையாக நிற்கும் டேபிள் மலை.

பிரெஞ்சு வானியலர் நிக்கோலா லூயி த லக்காய் 1751, 1752 ஆண்டுகளில் அந்த மலையடிவாரத்தில் தங்கித் தென்வானின் கிட்டத்தட்ட பத்தாயிரம் விண்மீன்களை அளந்தார். பதினான்கு புதிய தொகுதிகளை உண்டாக்கினார். பெரும்பாலானவை கருவிகள்: நுண்ணோக்கி, கடிகாரம், காற்றுப் பம்பு, சிற்பியின் பட்டறை. ஒன்றுக்கு மட்டும் மலையின் பெயர். டேபிள் மலையின் தலையில் அடிக்கடி வெண்மேகம் போர்வை போல் கவிந்து கிடக்கும். வானத்து மென்சாவின் மேலும் பெரிய மகெல்லன் மேகம் படிந்திருக்கிறது. இந்த ஒப்புமை அழகானது. ஆனால் அவர் லத்தீனில் வைத்த பெயர் மோன்ஸ் மென்சே, 'மேசை மலை'. 1844-இல் ஜான் ஹெர்ஷல் தொகுதிப் பெயர்களை ஒற்றைச் சொல்லாக்கலாம் என்று யோசனை சொல்ல, அடுத்த ஆண்டு வெளியான பிரான்சிஸ் பெய்லியின் பட்டியல் அதைப் பின்பற்றியது. மலை உதிர்ந்தது, மேசை நின்றது. மென்சா என்ற சொல்லுக்கு இன்று அகராதிப்படி மேசை என்று மட்டுமே பொருள்.

இன்றைய பெயரை மட்டும்தான் பார்ப்பேன் என்றால் மென்சா ஒரு மேசை. பூமியில் உள்ள எந்த இடமும் அதில் இல்லை. பெயர் பிறந்த கதையையும் பார்ப்பேன் என்றால் மென்சா மலைதான். அப்போது ஸ்கூட்டமும் சோபியெஸ்கியின் கேடயம்தான், பெரனைசி 'ஒரே' ஆள் அல்ல. இரண்டு விடைகளையும் ஒரே நோட்டில் வைத்துக்கொள்ள வழியே இல்லை. பின்வரிசைக்காரர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் நடுவர் தப்ப முடியாது.

பெயர் பிறந்த கதையைப் பார்ப்பது என்று கிளம்பினால் இன்னொரு கூட்டமே வாசலில் நிற்கிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வானியலர்களுக்கு வானம் ஒரு விண்ணப்பப் படிவம் போல இருந்தது. எட்மண்ட் ஹாலி இளம் வயதில் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த் தென்வானை அளந்து வந்து, 1678-இல் 'சார்லசின் ஓக் மரம்' என்று ஒரு தொகுதியைச் சேர்த்தார். 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஒளிந்துகொண்ட மரம் அது. தொகுதியைச் சேர்த்த அதே 1678-இல் அரச ஆணையின் பேரில் ஆக்ஸ்போர்டு ஹாலிக்கு முதுகலைப் பட்டம் தந்தது. ஆர்கோ கப்பலின் விண்மீன்களை எடுத்து மரம் நட்டது லக்காய்க்குப் பிடிக்கவில்லை, நீக்கிவிட்டார். 1688-இல் கோட்ஃப்ரீட் கிர்ச் 'பிராண்டன்பர்க் செங்கோல்' வைத்தார். (ஸ்கூட்டத்தில் இருக்கும் அருமையான விண்மீன் கூட்டம் மெசியே 11-ஐ 1681-இல் கண்டுபிடித்தவரும் இவரே; அது நிலைத்தது, செங்கோல் நிலைக்கவில்லை.) வில்னியசிலிருந்து போச்சோபுட் 1777-இல் மன்னர் போனியத்தோவ்ஸ்கிக்கு ஒரு காளை கொடுத்தார். மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் இறந்த மறுவருஷம், 1787-இல், பெர்லினின் போட 'ஃபிரெடெரிக்கின் பெருமை' என்று ஒன்றை ஆண்ட்ரோமிடாவின் பக்கத்தில் நுழைத்தார். இவற்றில் எதுவும் இன்று இல்லை. ஒரு நாட்டு மன்னனின் மரத்தையோ மாட்டையோ அடுத்த நாட்டு வானியலர் தன் வரைபடத்தில் ஏன் வரைய வேண்டும்? கேடயம் பிழைத்ததற்கு ஒரு காரணம், சோபியெஸ்கியை உதிர்த்துவிட்டால் அது யாருக்கும் உறுத்தாத பொதுக் கேடயம் ஆகிவிடுகிறது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்களில் யாரையும்விட எனக்கு மனக்குறை அந்தினூசைப் பற்றித்தான். ரோமப் பேரரசன் ஹாட்ரியனின் அன்புக்குரிய இளைஞன்; கி.பி. 130-இல் நைல் நதியில் மூழ்கி இறந்தான். பேரரசன் துயரத்தில் அவன் பெயரில் நகரம் கட்டினான், சிலைகள் நிறுத்தினான், வானத்திலும் அவனைக் கண்டான். சில ஆண்டுகளிலேயே எழுதிய தாலமி, கழுகுத் தொகுதியின் உதிரி விண்மீன்களைக் குறிக்கும்போது அந்தினூசின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பெரனைசிக்குப் பெயர் சொல்லாதவர் இவனுக்குச் சொல்லியிருக்கிறார்! அதற்குப்பின் இருவர் பாதையும் ஒன்றுதான்: 1536-இல் வோபலின் உருண்டை, 1551-இல் மெர்கேட்டர், 1602-இல் டைக்கோவின் பட்டியல். 1784-இல் எட்வர்ட் பிகாட் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டபோது அதை 'ஈட்டா அந்தினோய்' என்றே அறிவித்தார். செஃபீட் வகையில் முதலில் கண்டறியப்பட்ட விண்மீன் அது. இன்று அதன் பெயர் ஈட்டா அக்விலே. அந்தினூஸ் கழுகுக்குள்ளேயே கரைந்துவிட்டான். 1922-இன் பட்டியலில் அவனும் இருந்திருந்தால் 'ஒரே' என்ற சொல்லுக்கு வேலையே இருந்திருக்காது. இவனுக்கு நேரடிப் பெயர் வேறு. கூந்தல், கேடயம், மரம் என்று பொருள் வழியாக வராமல், ஆளாகவே வானத்தில் நின்றவன்.

இது மற்றொரு ஆட்சேபத்துக்குக் கொண்டுபோகிறது. கோமா பெரனைசெஸ் ஆளின் பெயரா, முடியின் பெயரா? கண்டிப்பாகப் பார்த்தால் முடிதான். மனிதருக்குப் பதிலாக அவர் உடைமையின் பெயர் இருப்பதை ஏற்றுக்கொண்டால் கூந்தலும் கேடயமும் ஒரே தட்டில் நிற்கின்றன. புராணத்து ஆட்கள் உண்மையில் இருந்திருக்கக்கூடாதா என்ற கேள்வியை நான் நீட்ட விரும்பவில்லை. பாம்பைப் பிடித்திருக்கும் ஓஃபியூக்கசின் பின்னால் எகிப்திய இம்ஹோட்டெப் இருக்கிறார் என்று தொடங்கினால், சப்தரிஷி மண்டலத்து ஏழு பேரும் அகத்தியரும் வரிசையில் வந்து நிற்பார்கள், போட்டி விடியும்வரை முடியாது.

பட்டியலை ஒருமுறை வேறு விதமாகப் பார்த்தேன். 88 பெயர்களில் இரண்டு சொல்லால் ஆனவை பதினொன்றுதான். பெருங்கரடி, சிறுகரடி, பெருநாய், சிறுநாய், வடமகுடம், தென்மகுடம், சிறுசிங்கம், தென்மீன், தென்முக்கோணம், வேட்டை நாய்கள், பெரனைசியின் கூந்தல். முதல் ஒன்பதிலும் இரண்டாம் சொல் இல்லாவிட்டால் இன்னொரு தொகுதியோடு குழம்பிப்போகும். வேட்டை நாய்களும் அடைமொழியை இழந்தால் மற்ற இரு நாய்களோடு கலந்துவிடும். கூந்தலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வானத்தில் வேறு கூந்தல் கிடையாது. மலையையும் சோபியெஸ்கியையும் உதிர்த்த கத்தரி இங்கேயும் பட்டிருந்தால் 'கோமா' என்று தனியாக நின்றிருக்கும், ஒரு குழப்பமும் வந்திருக்காது. வானியலர்கள் அன்றாடப் பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள்: 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கரும்பொருள் இருக்க வேண்டும் என்று வாதிட்டது, இந்தத் தொகுதியின் திசையில் தெரியும் 'கோமா' விண்மீன் மண்டலக் கொத்தை வைத்துத்தான். பெரனைசி அங்கே இல்லை. ஆகப் பெரனைசியை 'ஒரே' ஆக்கியது அவளுடைய வரலாறு அல்ல. மற்றவர்களின் பெயர்களில் விழுந்த கத்தரி அவள் பெயரில் விழாமல் போனதுதான்.

நான் நடுவராக உட்கார்ந்தால் கேள்வியை இப்படி மாற்றுவேன்: இன்றைய 88 தொகுதிகளின் முழுப் பெயர்களில், வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் பெயர் இன்னும் எழுத்தில் நிற்பது எதில்? இதற்குப் பெரனைசி மட்டுமே விடை, யாரும் கை தூக்க முடியாது. பழைய கேள்வியைக் கேட்டுவிட்டிருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுப்பேன். 'முழுப்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடமாட்டேன். ஏனென்றால் ஒன்றியத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் கேடயம் 'எஸ்சிடி', கூந்தல் 'சிஓஎம்'. அதில் முடி மட்டுமே இருக்கிறது, ராணி இல்லை.